குறைந்த செலவில் பேஸ் கிட்டார்: எதைப் பார்த்து வாங்குவது?

பேஸ் கிட்டார் வாங்கப் போவதாகச் சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, மொத்தமாக எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதைத்தான். கிட்டாருக்கு மட்டும் எவ்வளவு என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். எலெக்ட்ரிக் பேஸ் தனியாக நின்று ஒலிக்கும் வாத்தியம் அன்று. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில் (சுருக்கமாக ஆம்ப்) இணைக்காமல் வாசித்தால் வாசிப்பவரின் காதுக்கே அரைகுறையாகத்தான் எட்டும். கையிருப்பு முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிட்டு, அதை இணைக்க ஒன்றும் இல்லாமல் சில மாதங்கள் வெறுமனே விரலை ஓட்டிக்கொண்டிருந்து, ஆர்வம் வற்றியபின் மூலையில் சாய்த்துவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே பத்துப் பங்கில் ஆறு பங்கைக் கிட்டாருக்கும் மூன்று பங்கை ஒலி தரும் கருவிக்கும் ஒதுக்கி, மீதமுள்ள ஒரு பங்கை ஸ்ட்ராப், கேபிள், டியூனர், உறை, கருவியை வாசிக்க ஏற்றபடி சீராக்கும் முதல் செட்டப் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இந்த ஆறு பங்கு குறைவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. உடலை வெட்டுவது, விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியான நெக்கைச் செதுக்குவது, நெக் வந்து பொருந்தும் பள்ளத்தைக் குடைவது ஆகியவை கணினி இயக்கும் எந்திரங்களின் வேலையாகிவிட்டதால், விலை குறைந்த கிட்டார்களிலும் அடிப்படை அளவுகள் இன்று நம்பகமாகவே இருக்கின்றன. விலையைக் குறைப்பதற்காகத் தொழிற்சாலை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் மனிதக் கை படும் நேரத்தில்தான். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளைச் சமன்படுத்துவது, அவற்றின் முனைகளை அரத்தால் மழுக்குவது, நெக்கின் தலைப்பக்க முனையில் இருக்கும் நட்டில் தந்தி உட்காரும் காடிகளைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது ஆகியவை பொறுமையைக் கேட்கும் வேலைகள். அதனால்தான் ஒரே மாடலில், ஒரே நிறத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும் இரண்டு கிட்டார்களில் ஒன்று கைக்கு இதமாகவும் மற்றொன்று முரடாகவும் அமைகிறது. எந்த மாடல் சிறந்தது என்று நாட்கணக்கில் ஆராய்பவர்கள், கடைக்குப் போனதும் அந்த மாடலில் முதலில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு திரும்புவது எனக்கு வருத்தம் தருகிறது. ஆராய்ச்சியில் பாதி நேரத்தை இரண்டாவது, மூன்றாவது கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்குக் கொடுத்தால் அதன் பலன் பல ஆண்டுகள் நிற்கும்.

நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே. பின்னால் மாற்றிக்கொள்ள முடிந்தவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். மாற்ற முடியாதவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தந்தி பழசானால் புதிது போடலாம். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் பிடிக்கவில்லை என்றால் வேறு பொருத்தலாம். வால்யூம் குமிழ் கரகரத்தால் சரிசெய்துவிடலாம். நெக் முறுக்கியிருந்தாலோ, எடை தோளைத் தாங்கவிடாமல் செய்தாலோ, நீளம் கைக்கு எட்டாமல் போனாலோ, அதைச் சரிசெய்ய ஆகும் செலவு கிட்டாரின் விலையையே தொட்டுவிடும்.

நீளமும் அகலமும்

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில், நட்டிலிருந்து, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலமாக இருந்தது. நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் ஃபிரெட் கிடையாது. சுரத்தைக் காதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஃபிரெட் வைத்த இந்தக் கருவியில் சுரம் துல்லியமாக விழுந்ததால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. அன்றைய 34 அங்குலமே இன்றும் பெரும்பாலான பேஸ்களின் நீளமாக நீடிக்கிறது. இதை லாங் ஸ்கேல் என்பார்கள். 30 அங்குலத்தை ஒட்டி வருபவை ஷார்ட் ஸ்கேல்.

நான்கு அங்குலம் பெரிய வித்தியாசமா என்று தோன்றலாம். 34 அங்குலக் கிட்டாரில் முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் வரை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். 30 அங்குலத்தில் அது சுமார் 11.4 சென்டிமீட்டராகக் குறைகிறது. ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டிலும் சுண்டு விரலை நான்காவது ஃபிரெட்டிலும் வைத்து அப்படியே ஒரு நிமிடம் நில்லுங்கள். மணிக்கட்டு வளைந்து இழுக்கிறது என்றால் ஷார்ட் ஸ்கேலைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். இது சிறுவர்களுக்கானது என்ற எண்ணம் தவறு. பால் மெக்கார்ட்னி பெயரோடு சேர்ந்தே நினைக்கப்படும் ஹாஃப்னர் வயலின் பேஸ் ஷார்ட் ஸ்கேல்தான். நீளம் குறைந்தால் அதே சுரத்துக்குத் தந்தியின் இழுவிசையும் குறைவதால் விரலுக்கு மென்மையாக இருக்கும்; மறுபுறம், தடித்த இ தந்தி சற்றுத் தொளதொளப்பாகவும் ஒலி கொஞ்சம் மங்கலாகவும் வரும். ஸ்குவையர் பிராங்கோ இந்த அளவில் பலரும் வாங்கும் விலை குறைந்த கருவி.

நீளத்தைக் கேட்டறிபவர்கள் நட்டின் அகலத்தைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஃபெண்டரின் மற்றொரு மாடலான ஜாஸ் பேஸ் வகை நெக் நட்டருகே ஏறக்குறைய 38 மில்லிமீட்டர்; பிரிசிஷன் வகை 41 அல்லது 42 மில்லிமீட்டர். எண்ணில் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், ஆனால் உள்ளங்கையில் அது நன்றாகவே தெரியும். சிறிய கை உள்ளவர்கள் மெலிந்த ஜாஸ் நெக்கைப் பிடித்துப் பார்த்த பிறகே ஷார்ட் ஸ்கேல் தேவையா என்று முடிவு செய்யலாம்.

நெக்கைச் சோதிப்பது

இந்தப் பகுதிக்குத்தான் நீங்கள் கடையில் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆம்ப்பில் இணைப்பதற்கு முன்பே, கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். சுருதி இறங்கிய கிட்டாரில் நெக்கின் மேல் உள்ள இழுவிசையும் குறைவாக இருக்கும் என்பதால் அதில் செய்யும் சோதனை எதையும் நம்ப முடியாது.

முதலில் கிட்டாரின் அடிப்பகுதியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிரிட்ஜ் பக்கத்திலிருந்து தலைப்பகுதியை நோக்கி நெக்கின் இரு ஓரங்களையும் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒன்றுபோல் ஓட வேண்டும். ஒரு ஓரம் மேலேயும் மற்றது கீழேயும் போனால் நெக் முறுக்கியிருக்கிறது. எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

முறுக்கு இல்லை என்றால் வளைவைப் பார்க்க வேண்டும். இடக்கையால் இ தந்தியை முதல் ஃபிரெட்டில் அழுத்துங்கள். வலக்கையால் அதே தந்தியை, நெக் உடலோடு சேரும் இடத்தில் உள்ள ஃபிரெட்டில் அழுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே தந்தி ஒரு நேர்கோடாகிவிடும். இப்போது ஏழாவது, எட்டாவது ஃபிரெட் அருகே தந்திக்கும் ஃபிரெட்டின் தலைக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று குனிந்து பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நெக் நல்ல நிலையில் இருக்கிறது. அதிரும் தந்திக்கு நடுவில்தான் அசைவு அதிகம் என்பதால் அந்தச் சிறு வளைவு தேவைப்படுகிறது. இடைவெளியே இல்லை என்றாலோ, அதிகமாக இருந்தாலோ, உடனே நிராகரிக்க வேண்டாம். நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகி இதைச் சரிசெய்யலாம். உங்கள் கண் முன்னாலேயே சரிசெய்து காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். கால் சுற்றுத் திருகியதும் இடைவெளி மாறினால் கம்பி வேலை செய்கிறது என்று பொருள். மாறவே இல்லை என்றால், அல்லது திருகு ஏற்கெனவே கடைசிவரை இறுகிப்போயிருந்தால், அந்தக் கிட்டார் வேண்டாம்.

அடுத்தது தந்தியின் உயரம். 12-ஆவது ஃபிரெட்டில் இ தந்தி இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்திலும், மிக மெல்லிய ஜி தந்தி அதைவிடச் சற்றுத் தாழ்வாகவும் இருந்தால் தொடக்கத்துக்கு வசதியாக இருக்கும். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சேடில்களை ஏற்றி இறக்கி இதை மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சேடில்கள் இப்போது எந்த நிலையில் நிற்கின்றன என்று கட்டாயம் பாருங்கள். வளைவு சரியாக இருந்து, சேடில்களும் அடிமட்டம்வரை இறங்கி, அதற்குப் பிறகும் தந்தி உயரமாக நின்றால், நெக் உடலோடு சேரும் கோணமே சரியில்லை. தகடு வைத்துச் சரிசெய்வார்கள் என்றாலும், புதிதாக வாங்கும் ஒன்றில் அந்தச் சங்கடத்தை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

பிறகு உள்ளங்கையை நெக்கின் பக்கவாட்டில் வைத்து மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டுங்கள். வறண்ட காற்றில் மரம் சுருங்கும்போது உலோகம் சுருங்காது என்பதால் ஃபிரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு ரம்பப் பல்போல் உறுத்தும். இலேசான உறுத்தலை அரம் போட்டுச் சரிசெய்துவிடலாம். கையைக் கீறும் அளவுக்கு இருந்தால் அடுத்த கிட்டாரை எடுங்கள்.

இதற்குப் பிறகுதான் சுரங்களுக்கு வர வேண்டும். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக, வலுவும் மென்மையும் இல்லாத நடுத்தரமான விரலடியில், அவசரப்படாமல் வாசியுங்கள். ஓரிடத்தில் மட்டும் தந்தி கிர்ரென்று உரசினால் அதற்கு அடுத்த ஃபிரெட் உயர்ந்து நிற்கிறது. உரசல் இல்லாமலே ஒரு சுரம் மட்டும் சட்டென்று அணைந்துபோனால் அது டெட் ஸ்பாட். ஜி தந்தியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் வரையிலான பகுதியில் இதைப் பெரும்பாலும் சந்திப்பீர்கள். நெக்கின் சொந்த அதிர்வும் அந்தச் சுரமும் ஒத்துப்போகும்போது தந்தியின் ஆற்றலை நெக் விழுங்கிவிடுவதால் இப்படி ஆகிறது. விலை உயர்ந்த பேஸ்களிலும் இது உண்டு, ஆகவே முற்றிலும் இல்லாத ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்துச் சுரம் ஐந்து விநாடி நிற்க, இது ஒரே விநாடியில் மடிந்துபோகிறது என்னும் அளவுக்கு மோசமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நெக்கின் இயல்பு அது என்பதால் பிக்கப்பையோ தந்தியையோ மாற்றி அதைப் போக்க முடியாது.

12-ஆவது ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அங்கே தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் டியூனரில் சற்று விலகிக் காட்டினால் கவலை வேண்டாம். சேடிலை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யும் சாதாரண வேலைதான் அது.

நின்று பார்ப்பது

என் முதல் பேஸை நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாசித்துப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஸ்ட்ராப் மாட்டி நின்றதும் அதன் தலைப்பகுதி தரையை நோக்கிச் சரியத் தொடங்கியது. சுரத்தைப் பிடிக்க வேண்டிய இடக்கை நெக்கைத் தூக்கிப் பிடிக்கும் கையாகிவிட்டது. சில வாரங்களில் கட்டைவிரலின் அடியில் வலி வந்தது. பயிற்சி தவறு என்று நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்து அதை மேலும் மோசமாக்கினேன். காரணம் கிட்டாரின் வடிவத்தில் இருந்தது. உடலின் மேல்பக்கத்தில் நெக்கை நோக்கி நீளும் கொம்பு குட்டையாக இருந்ததால் ஸ்ட்ராப் மாட்டும் குமிழ் 12-ஆவது ஃபிரெட்டிலிருந்து வெகுவாகத் தள்ளி நின்றது. தந்தியை இறுக்கும் கனமான டியூனிங் கீகள் வேறு மறுமுனையில் கீழே இழுத்தன.

எனவே கடைக்கு ஒரு ஸ்ட்ராப்பை எடுத்துச் செல்லுங்கள், அல்லது அங்கேயே ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். நின்றபடி இரண்டு கைகளையும் கிட்டாரிலிருந்து எடுத்துவிடுங்கள். நெக் இருந்த இடத்திலேயே நின்றால் நல்லது. மெல்லச் சரிந்தால் அகலமான, சொரசொரப்பான ஸ்ட்ராப் ஓரளவு தாங்கும். பட்டென்று விழுந்தால் வேண்டாம். அதே நிலையில் பத்து நிமிடம் நின்று வாசியுங்கள். பேஸ்களின் எடை பொதுவாக மூன்றரை முதல் நாலரைக் கிலோ வரை இருக்கும். அந்த ஒரு கிலோ வித்தியாசம் முதல் நிமிடத்தில் ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். இரண்டு மணி நேர ஒத்திகையின் முடிவில் தோள் அதைச் சொல்லும்.

பிக்கப், பேட்டரி, ஐந்தாவது தந்தி

பிரிசிஷன் பேஸில் 1957 முதல் இரண்டு துண்டாகப் பிரிந்த ஒற்றைப் பிக்கப் இருக்கிறது. அந்த இரு துண்டுகளும் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழித்துவிடும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்கள் உண்டு. இரண்டையும் ஒரே அளவில் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் லேசான ஹம் வரும். முதலாவது தடித்த, நேரடியான ஒலி. இரண்டாவதில் ஒலியைப் பல விதமாக மாற்றிக்கொள்ளலாம். யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, இபனேஸ் ஜிஎஸ்ஆர் 200 போன்ற தொடக்கநிலைக் கருவிகள் இந்த இரண்டு வகைப் பிக்கப்களையும் ஒரே உடலில் வைத்துத் தருகின்றன.

முதல் பேஸ் என்றால் ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன் போதும் என்பது என் கருத்து. அமெரிக்க இசைப்பதிவு நிறுவனமான மோடவுனின் எத்தனையோ பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒன்றில்தான். அதில் இருந்ததும் அந்த ஒற்றைப் பிக்கப்பே. குமிழ்கள் குறைவாக இருந்தால் ஒலி வேறுபாட்டை விரலால் உண்டாக்கப் பழகுவீர்கள்.

ஆக்டிவ் பேஸ்களுக்குள் 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு மின்சுற்று இருக்கும். விலை உயர்ந்தவற்றில் அது பயனுள்ளது. மிக மலிவானவற்றில் பெரும்பாலும் இரைச்சலைத்தான் கூட்டுகிறது. கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்து தந்தி பேஸின் ஆசை பலருக்கும் உண்டு. கூடுதலாக வரும் கீழ் பி தந்தி சுமார் 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. குறைந்த விலையில் கிடைக்கும் ஐந்து தந்திக் கருவிகளில் இந்தத் தந்தி பெரும்பாலும் தொய்ந்து, சுரம் தெளியாமல் முனகும். தொடக்கநிலை ஆம்ப்களால் அந்த அதிர்வெண்ணை எழுப்பவும் முடியாது. அதே விலையில் நான்கு தந்திக் கருவி எடுத்தால் தரம் ஒரு படி மேலே கிடைக்கும்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாப்ளர், பாஸ்வுட் எதுவானாலும் இந்த விலையில் காதுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ரோஸ்வுட் வணிகத்துக்கு 2017-இல் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தபின் லாரல் போன்ற மரங்களில், நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு செய்யும் வழக்கம் பரவியது. இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்த பிறகும் அது தொடர்கிறது. ரோஸ்வுட் இல்லை என்பதற்காக ஒரு நல்ல நெக்கை ஒதுக்க வேண்டாம்.

ஒலி தரும் கருவிக்கான அந்த மூன்று பங்கு

நான்கு தந்திப் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியான இ, விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது அவ்வளவு கூர்மையானது அன்று. எனவே சாதாரண கிட்டாருக்குப் போதுமான ஆம்ப் சக்தி பேஸுக்குப் போதாது. சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸை இணைத்து ஒலியைக் கூட்டினால், அந்தப் பெரிய அசைவுகளைத் தாங்காமல் ஸ்பீக்கரின் கூம்பு கிழியவும் கூடும். தனியாகப் பயிற்சி செய்ய 20 வாட்டும் எட்டு அங்குல ஸ்பீக்கரும் உள்ள பேஸ் ஆம்ப் போதும். அதில் 41 ஹெர்ட்ஸ் முழுமையாக வராது. ஆனால் அதன் மடங்குகளான 82, 123 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கேட்டே மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும். டிரம்ஸோடு சேர்ந்து வாசிப்பதற்குக் குறைந்தது 100 வாட்டாவது வேண்டும், அதை இப்போதே வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பணம் மிகவும் இறுக்கமாக இருந்தால், கிட்டாரிலேயே நேராகச் செருகும் சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப்பை வாங்குங்கள். நல்ல ஹெட்ஃபோனில் உங்கள் தவறுகள் எல்லாம் துல்லியமாகக் கேட்கும். அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை இல்லை.

கிட்டார், ஆம்ப், உறை எல்லாம் ஒரே பெட்டியில் வரும் தொகுப்புகளில் கிட்டார் ஓரளவு தேறினாலும், ஆம்ப்பும் கேபிளும் பெரும்பாலும் ஒப்புக்கு வைத்தவையாகவே இருக்கின்றன. தனித்தனியாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

கடையில் ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை: பலர் தொட்டுத் தொட்டு மங்கிப்போன தந்திகளோடுதான் கிட்டார் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். உருண்டைக் கம்பி சுற்றிய புதிய ரவுண்ட்வவுண்ட் தந்திகள் பளீரென்று ஒலிக்கும், தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்திகள் அடங்கி, உருண்டு ஒலிக்கும். எது பிடிக்கும் என்று ஓராண்டு வாசித்த பிறகே தெரியும். ஆம்ப்பில் இணைத்துப் பார்க்கும்போது ஒலியின் அழகைவிட, குமிழ்களைத் திருப்பினால் கரகரக்கிறதா, கேபிளை அசைத்தால் ஒலி அறுந்து வருகிறதா என்பதைக் கவனியுங்கள்.

நேரில் பார்க்க வழியில்லாமல் இணையத்தில் வாங்குவதென்றால், ஸ்கேல் நீளம், நட் அகலம், எடை ஆகிய மூன்றும் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம், அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டி வந்ததும் உடனே திறந்து சுருதி கூட்ட வேண்டாம். வெளி வெப்பத்திலிருந்து வந்த மரம் அறையின் சூழலுக்குப் பழக அரை நாளாவது விட்டு, பிறகு மேலே சொன்ன சோதனைகளைத் தொடங்குங்கள்.

கடையில் பார்த்து வாங்கியவர்களும் வீட்டின் அமைதியில் அவற்றை மறுபடி செய்ய வேண்டும். நான்கு தந்திகள், இருபது ஃபிரெட்டுகள் என்றால் விரல் வைக்காமல் மீட்டும் திறந்த தந்திகளையும் சேர்த்து மொத்தம் 84 சுரங்கள். ஒவ்வொன்றையும் ஒரு முறை வாசித்து, உரசுவதையும் அணைவதையும் தாளில் குறித்துவையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே தாளை வைத்து மறுபடி வாசித்துப் பாருங்கள்; புதிய நெக் தந்தியின் இழுவைக்குப் பழகும்போது சிறிது நகரக்கூடும் என்பதால் செட்டப்புக்கு ஒதுக்கிய பணத்தை அப்போது செலவழிப்பதே சரி. மோசமானது ஏதாவது முதல் நாளே தென்பட்டால் காத்திருக்க வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், அந்தத் தாளையும் பில்லையும் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போய்விடுங்கள்.